தோட்டக்குளத்துக்கு விரிப்புப் போடுதல்: மட்டக்களப்பு, அம்பாறைக் காணிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அம்பாறையின் மேட்டுக் காணிகளிலும் தோட்டக்குளம் வெட்ட நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் பொறியியலாளன் அல்லன். சொந்தக் காணிகளில் இரண்டு குளங்களுக்கு விரிப்புப் போட்டு, அதில் ஒன்றைக் கெடுத்தும் கொண்டவன். அயலவர் காணிகளில் சுருள் இழுக்கவும் போயிருக்கிறேன். கடைகளில் 'லைனர்' என்றும் 'ஜியோமெம்பிரேன்' என்றும் சொல்வதைத்தான் இங்கே விரிப்பு என்கிறேன்.

என் காணிக்கு விரிப்புத் தேவையா?

கடைக்குப் போகும் முன் மண்வெட்டியை எடுங்கள். குளம் வர வேண்டிய இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, மாலையில் நீர் நிரப்பி, காலையில் போய்ப் பாருங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மேட்டு நிலங்களில், பருக்கைக் கல்லும் மணலும் கலந்த இடங்களில், குழி காலையில் வெறுமையாகக் கிடக்கும். அங்கே விரிப்பு இல்லாமல் குளம் வெட்டுவது ஓட்டை வாளியில் நீர் அள்ளுவதற்குச் சமம்.

வயல் ஓரத்துப் பள்ளக் காணி என்றால் கதை வேறு. எருமைகளை விட்டு மிதிக்கவைத்து வெள்ளாண்மை செய்த களிமண் அது. காலையில் குழி நீர் இரண்டு மூன்று விரற்கடை குறைந்திருந்தாலே அதிகம். அடியைச் சேறாக்கி நன்றாக இறுக்கினால் போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஒன்று மட்டும்: களி கோடையில் முற்றாகக் காய்ந்து வெடித்துவிட்டால் அடுத்த மாரியின் முதல் நீர் வெடிப்பு வழியே போய்விடும். அடியில் எப்போதும் சிறிது நீர் நிற்கட்டும்.

வெட்டிய குழியை உடனே மூடிவிடாதீர்கள். மார்கழியில் இன்னொரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

நிலத்தடி நீர் விரிப்பை என்ன செய்யும்?

நான் கெடுத்த குளம் இதனால்தான் கெட்டது. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணற்காணி. ஆவணியில் இரண்டு மீற்றர் ஆழம் வெட்டினேன். அடி பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. விரிப்புப் போட்டு, மழை பெய்து, கார்த்திகையில் குளம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. விரிப்புத் துண்டுகள் சேரும் ஓர் ஒட்டில் கசிவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மார்கழியில் மழை விட்ட ஒரு நாளில் பம்பியை வைத்து முழு நீரையும் இறைத்தேன். மறுநாள் விடியக் காலை போனால், குளத்தின் நடுவில் கறுப்பாக ஒரு முதுகு எழுந்து நிற்கிறது. மழைத்துளிகள் அதன் மேல் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. காலால் அழுத்தினேன், தண்ணீர் மெத்தைபோல் அமுங்கி வேறிடத்தில் எழும்பியது. பதினொரு மணியளவில் நடு ஒட்டு நீளத்துக்குக் கிழிந்தது. இப்படி எழும்புவதைப் பொறியியலாளர்களும் திமிங்கிலம் என்றே சொல்வார்களாம்.

காரணம் எளிது. குளத்து நீர் விரிப்பைக் கீழே அழுத்துகிறது. வெளியே மண்ணுக்குள் நிற்கும் நீர் மேலே தள்ளுகிறது. எந்த மட்டம் உயரமோ அது வெல்லும். பொலித்தீன் வகை விரிப்பு நீரைவிட இலேசானது என்பதால் அதற்கென்று எதிர்ப்பும் கிடையாது. மாரியில் கரையோரக் காணிகளில் கிணற்று நீர் வாளியால் மொள்ளும் உயரத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் விரித்த குளத்தை ஒருபோதும் இறைத்து வெறுமையாக்காதீர்கள்.

அப்படியானால் கரையோர மணற்காணியில் விரிப்பே போடக்கூடாதா?

போடலாம், ஆழத் தோண்டக்கூடாது. மார்கழியில் நீங்கள் பார்த்த நீர் மட்டத்துக்குச் சற்று மேலே குளத்தின் அடி நிற்க வேண்டும். வெட்டிய மண்ணைச் சுற்றிவரக் கட்டாகப் போட்டு, பாதி பள்ளம் பாதி மேடாக எழுப்புங்கள். மணற்கட்டு எளிதில் சரியும். சரிவைப் படுக்கையாக வையுங்கள். 1 மீற்றர் உயரத்துக்கு 2 மீற்றர் படுக்கை என்றால் கவலையில்லை.

பூவல் என்னும் ஆழமில்லாத மணற்கிணறு தோண்டினாலே தண்ணீர் வரும் ஊரில் குளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பல இடங்களில் அந்தக் கேள்வி சரிதான். ஒரு பூவல் போதும். ஆனால் கரையோர மணலில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். பம்பியை நெடுநேரம் ஓட்டினால் அடியிலிருந்து உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பின் உவர்த்த கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்ததும் இப்படித்தான் வினையாயிற்று. உங்கள் கிணறு ஆனி ஆடியில் உவர்க்குமானால் மாரி நீரைப் பிடித்து வைக்கும் விரித்த குளம் பயன்படும். அங்கே விரிப்பு வேலை செய்வது நீர் வெளியே போகாமல் இருக்க மட்டும் அல்ல. உப்பு உள்ளே வராமல் இருக்கவும்தான்.

எந்த வகை விரிப்பு வாங்குவது?

எச்.டி.பி.ஈ என்னும் அடர்த்தி கூடிய பொலித்தீன்தான் இங்கே அதிகம் விற்பது. கறுப்பு நிறம், முரட்டு உடம்பு. கறுப்பு அழகுக்கு அல்ல: நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு கரித்தூள் கலந்திருப்பதால்தான் வெயிலைத் தாங்குகிறது. குறை என்னவென்றால் மடங்காது, மூலைகளில் முரண்டு பிடிக்கும், பசையால் ஒட்டாது. சூட்டால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். அதன் தம்பி எல்.எல்.டி.பி.ஈ, அதுவும் பொலித்தீன்தான், மெதுவானது, மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும். வெயில் தாங்குவதில் அண்ணனுக்குச் சற்றுப் பின்னால். சிறிய குளத்துக்கு, அடிமண் சீராக இல்லாத இடத்துக்கு, நான் தம்பியைத்தான் தேர்வேன்.

பி.வி.சி விரிப்பு துணிபோல் மடங்கும், பசையால் ஒட்டலாம். ஆனால் அதை நெகிழ வைக்கும் எண்ணெய்ச் சத்து வெயிலில் போய்விடும், பிறகு அப்பளம்தான். மேலே மண் மூடுவதானால் மட்டும் யோசியுங்கள். ஈ.பி.டி.எம் என்னும் றப்பர் விரிப்பு எல்லாவற்றிலும் நல்லது. டயர்க்குழாய் ஒட்டுவதுபோல் ஒட்டுப் போடலாம். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீலப் படங்கு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. அது நெல் மூடுவதற்கு. குளத்தில் போட்டால் ஓரிரு கோடையில் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

பொலித்தீனா பி.வி.சி.யா என்று கடையில் ஐயம் வந்தால் சிறு துண்டை ஒரு குவளை நீரில் அமிழ்த்தி விடுங்கள். பொலித்தீன் மிதக்கும், பி.வி.சி தாழும்.

தடிப்பு எவ்வளவு? கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

நன்றாக மட்டப்படுத்திய மண்ணில் சிறு குளத்துக்கு 0.5 மில்லிமீற்றர் போதும். கல் நிறைந்த மண், பெரிய குளம் என்றால் 0.75 அல்லது 1. சிலர் 'கேஜ்' கணக்கில் சொல்வார்கள்: 1000 கேஜ் என்பது கால் மில்லிமீற்றர்தான். எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம்.

நம்புவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். 0.5 மில்லிமீற்றர் எச்.டி.பி.ஈ சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 470 கிராம் இருக்கும். 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வையுங்கள். 4.7 கிராம் காட்ட வேண்டும். ஒருமுறை '0.5' என்று எழுதி வந்த துண்டு 3.8 கிராம் காட்டியது, அது 0.4 விரிப்பு. நகைக்கடைத் தம்பி "அண்ணே, இது எத்தனை கரட்?" என்று கேட்டதுதான் மிச்சம். விலையையும் சதுர மீற்றருக்கு ஒப்பிடாமல் கிலோவுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கடை மலிவு என்பது அப்போதுதான் தெரியும்.

எத்தனை சதுர மீற்றர் வாங்க வேண்டும்?

குளத்தின் வாய் அளவைச் சொல்லி வாங்கி, போதாமல் நிற்பவர்கள் அதிகம். சரிவின் நீளத்தையும், கரையில் புதைக்கும் பங்கையும் சேர்க்க வேண்டும்.

வாய் 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், ஆழம் 2 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 1 மீற்றர் உயரத்துக்கு 1.5 மீற்றர் படுக்கை. அப்படியானால் அடி 14 க்கு 4 மீற்றர். சரிவின் நீளம் 3.6 மீற்றர், இரு பக்கமும் 7.2. கரையில் புதைக்கப் பக்கத்துக்கு 1 மீற்றர். நீளவாக்கில் 14, 7.2, 2 சேர்ந்து 23.2 மீற்றர், அகலவாக்கில் 4, 7.2, 2 சேர்ந்து 13.2 மீற்றர். பெருக்கினால் 306 சதுர மீற்றர். வாயின் பரப்பு வெறும் 200 என்பதைக் கவனியுங்கள்.

7 மீற்றர் அகலச் சுருள் கிடைத்தால் இரண்டு துண்டை நீளவாக்கில் போட்டு ஒரே ஓர் ஒட்டோடு முடித்துவிடலாம். 0.5 மில்லிமீற்றரில் 306 சதுர மீற்றரின் எடை 144 கிலோ. ஆள் கணக்கை அதற்கேற்ப வையுங்கள்.

அந்தக் குளம் எத்தனை நாளைக்குத் தண்ணீர் தரும்?

கரையிலிருந்து 30 சென்ரிமீற்றர் குறைய நிரப்பினால் ஏறத்தாழ 188 கன மீற்றர், அதாவது ஒரு லட்சத்து 88 ஆயிரம் லீற்றர். பெரிதாகத் தோன்றும். அரை ஏக்கர் மிளகாய்க்கு நாளுக்கு 4 மில்லிமீற்றர் வீதம் இறைத்தால் 8 கன மீற்றர் போகும். மூன்று வாரத்தில் அடி தெரியும். கால் ஏக்கருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு 3 மில்லிமீற்றர் வீதம் கொடுத்தால், வெயில் குடிப்பதையும் கழித்து ஏழு வாரம் வரும். வெயில் சும்மா இருப்பதில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வைத்தாலும், நிரம்பிய குளத்திலிருந்து நாளொன்றுக்கு 800 லீற்றருக்கு மேல் போய்விடும்.

ஆகவே இது சிறுபோகம் முழுவதையும் தாங்கும் நீர் அல்ல. காய் பிடிக்கும் நேரத்தில் பயிரைக் காப்பாற்றும் நீர். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய பாசனக் குளங்களுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் குளம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குளத்தை நிரப்ப வாய்க்கால் நீரைத் திருப்பிவிடலாமா?

வேண்டியதில்லை. நம் பக்கத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மாரியில் 1000 மில்லிமீற்றர் பெய்தால் 200 சதுர மீற்றர் வாயுள்ள குளத்தில் நேராக 200 கன மீற்றர் விழும். மேலே சொன்ன குளம் வானத்தை மட்டும் பார்த்தே நிரம்பிவிடும். வாய்க்கால் நீர் சேற்றையும் புல் விதையையும் கொண்டுவரும். சேற்றை அள்ள மண்வெட்டியோடு இறங்கிய அன்றைக்கே விரிப்பின் ஆயுள் முடிந்தது.

மிகை நீர் வழிந்தோட வான் (கலிங்கு) மட்டும் கட்டாயம் வையுங்கள். கரையில் ஓரிடத்தைப் பதித்து, விரிப்பை அதன் மேல் நீட்டி, தட்டையான கற்களை அடுக்கினால் போதும். 2011 தையில் பெய்த மழையைக் கண்டவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது வெட்டுவது?

ஆவணியில் வெட்டி, புரட்டாதியில் விரித்துவிட வேண்டும். மண் வெட்டும் பெக்கோ இயந்திரக்காரருக்கு ஐப்பசியில் சொன்னால் தை கழியத்தான் வருவார்.

அடிமண்ணை எப்படித் தயார்ப்படுத்துவது?

விரிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இரண்டு நாள் வேலைதான். ஆனால் எல்லோரும் அவசரப்படுவதும் இதில்தான். வேர், கல், கண்ணாடி, பழைய வேலிக் கம்பி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குளம் முழுவதும் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். உங்கள் பாதத்தில் குத்துவது விரிப்பிலும் குத்தும். என் இரண்டாவது குளத்தில் இப்படி நடந்தபோது குதிகாலில் ஏதோ உறுத்தியது. விரலால் தோண்டினால் அரை அங்குல முள்கம்பி நுனி; இழுக்க இழுக்க வந்தது, ஒன்றரை முழம்.

கோரைப்புல் இருக்கும் காணி என்றால் இன்னும் கவனம். அதன் முளை ஊசிபோல் விரிப்பைக் கீழிருந்து துளைத்து வரும். கிழங்கு போகும்வரை மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கடைசியாக நான்கு விரற்கடைக்கு அரித்த மணல், அல்லது சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள தடித்த புவித்துணி (ஜியோடெக்ஸ்டைல்). துணி வாங்கக் காசில்லை என்றால் பிரித்த உரப்பைகள் உதவும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

விரிக்கும் நாளில் என்ன செய்வது?

விடியற்காலையில் தொடங்குங்கள். காற்று எழும்பிய பிறகு 300 சதுர மீற்றர் விரிப்பு பாய்மரம். எட்டுப் பேரையும் தூக்கிப் போகும். மணல் நிரப்பிய உரப்பைகள் முப்பது நாற்பதை முன்கூட்டியே கரையில் அடுக்கி வைத்து, விரிய விரியப் பாரம் வையுங்கள். மண்வெட்டி, கத்தி, செருப்பு மூன்றும் குளத்துக்குள் வரக்கூடாது, சுருட்டும்தான். என் மாமா ஒருவருக்கு இதைச் சொல்லப் போய் அவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இழுத்துக் கட்டாதீர்கள். காலையில் விரித்த 23 மீற்றர் விரிப்பு நடுப்பகல் வெயிலில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரை நீளும், இரவில் அவ்வளவும் சுருங்கும். இறுக்கமாக இருந்தால் சரிவும் அடியும் சேரும் மூலையில் மண்ணைத் தொடாமல் தொட்டில்போல் தொங்கும். நீர் ஏறியதும் அந்த இடம் கிழியும். எங்கும் சற்றுத் தொய்வு இருக்கட்டும்.

கரையிலிருந்து ஓர் அடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்குச் சுற்றிவரக் கான் வெட்டி விளிம்பை அதற்குள் இறக்குங்கள். மண் போட்டு மூடுவதைக் குளம் பாதி நிரம்பும்வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை பைகள் பிடித்துக்கொள்ளும். பம்பியால் நிரப்புவதானால் குழாய் வாயின் கீழ் ஒரு பலகை.

ஒட்டை நாமே போடலாமா?

எச்.டி.பி.ஈ.யில் முடியாது. சூட்டுக் கருவி உள்ளவரை அழையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஏறியிருக்க வேண்டும். இடையில் தூசும் ஈரமும் கூடாது. நல்ல கருவி இரண்டு கோடுகளாக ஒட்டி நடுவில் ஒரு குழல் விடும். அதற்குள் காற்றடித்து ஐந்து நிமிடம் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்பவரிடம் காசைப் பாதியோடு நிறுத்துங்கள்.

துருசுபோல் (மதகுபோல்) நீர் திறந்துவிடக் குழாய் ஒன்றை விரிப்பின் ஊடாக வைக்கலாமா?

வேண்டாம். விரிப்பில் நீங்களே போடும் ஓட்டை அது. கரைக்கு மேலாகப் பம்பியால் எடுங்கள்.

மாடு, யானை?

மாடு இறங்கினால் குளம்பு கிழிக்கும், ஏற முடியாமல் மாடும் சாகும். வேலி இல்லாமல் விரிப்புப் போடாதீர்கள். வான் வழியே வழியும் நீர் காணிக்கு வெளியே ஒரு வெறும் பள்ளத்தில் தேங்கட்டும். பட்டி மாடுகள் அங்கே குடிக்கும், உங்கள் வேலியைத் தொடாது. யானைக்கு என்னிடம் மருந்து இல்லை. யானை வழக்கமாக வந்துபோகும் வழியில் காணி இருந்தால் விரிப்புக்குக் காசு போடாதீர்கள்.

பிள்ளைகள்?

ஈர விரிப்பில் நீச்சல் தெரிந்த பெரியவரும் ஏற முடியாது. பாசி பிடித்தால் சவர்க்காரம்போல் வழுக்கும். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறுகள் கரைமரத்தில் கட்டி அடிவரை தொங்க வேண்டும். ஒரு மூலையில் பழைய டயர்களைக் கட்டி ஏணிபோல் இறக்குங்கள். விழுந்த ஆமையும் உடும்பும்கூட அதில்தான் ஏறி வரும். வேலிப் படலையில் பூட்டு. இதில் சிக்கனம் பார்க்க நினைப்பவர் குளமே வெட்ட வேண்டாம்.

நுளம்பு பெருகாதா?

கப்பி மீன் ஒரு போத்தல் விடுங்கள். திலாப்பியாவும் வளரும்.

நீர் குறைகிறது, கசிவா, வெயிலா?

குளத்துக்குள் டயர்ப் படியின் மேல் ஒரு வாளியை வைத்து, வாளிக்குள்ளும் குளத்திலும் நீர் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். மழையில்லாத மூன்று நாள், இறைக்காமல். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் வெயில். குளம் கூடக் குறைந்தால் கசிவு. கசிவென்றால் நீர் எந்த மட்டத்தில் இறங்குவதை நிறுத்துகிறதோ அந்தக் கோட்டைச் சுற்றித் தேடுங்கள். அநேகமாக எலிப்பல் அல்லது ஒட்டு. மாரியில் தேட வேண்டாம். என் கதையை மேலே படித்தீர்கள்.

அனுமதி வேண்டுமா?

மேட்டுக் காணியென்றால் கிராம அலுவலருக்குத் தெரிவித்து வைப்பது நல்லது. வயற்காணியில் வெட்டுவதானால் முதலில் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி நெற்காணியை நினைத்தபடி மாற்ற முடியாது. வெட்டிய மண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றி விற்கவும் கூடாது, அதற்குத் தனி உரிமம் உண்டு. கட்டுப் போடவே அந்த மண் போதாமல் வரும்.

பழைய விரிப்பை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். கிழியாத பங்கை வெட்டி எடுத்தால் வாடிக்குக் கூரை, உர மூட்டைக்கு அடிப்பாய், வைக்கோற் போருக்கு மூடி. என் திமிங்கிலம் இப்போது மூன்று துண்டாகி, இரண்டு வைக்கோல் மேலும் ஒன்று மச்சானின் தோணி மேலும் கிடக்கிறது. தோணியில் மழை நீர் தேங்குகிறதென்று அவன் அதில் ஓட்டை போட்டுவிட்டான்.